எல்லாரும் தொட்ட மோட்டார்

மரக்காணம்
12.6.2005

அன்புள்ள சுலோவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோயமுத்தூர்க் காற்று அவர்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உப்பளத்துப் பக்கம் திரும்பினாலே கண் கூசுகிறது.

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. இந்த வருஷமும் எனக்கு ஐந்தாம் வகுப்புதான். பிள்ளைகளில் பாதிக்கு மேல் அளத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அறிவியல் புத்தகத்தில் மின்சாரப் பாடம் ஒன்று வருகிறது. உன் அண்ணன் அளத்து மோட்டாரில் கரண்ட் அடித்து இறந்துபோன வருஷம், எங்கள் தலைமையாசிரியை சகாயமேரி டீச்சர், "நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று அந்தப் பாடத்தை அவரே எடுத்துவிட்டார். இந்தத் தடவை நீயே எடு என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். எத்தனை வருஷத்துக்கு எனக்காக இன்னொருவர் கரண்ட் பாடம் எடுப்பார்?

புத்தகத்தில் மின்சாரத்தைக் கடத்தும் பொருள், கடத்தாத பொருள் என்று இரண்டு பட்டியல் மட்டும் இருக்கிறது. பிள்ளைகள் அதோடு விடமாட்டார்கள், ஏன் ஏன் என்று குடைவார்கள். மின்தடை என்றால் என்ன என்று பத்து வயசுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது? நீ மோட்டார் பட்டறையில் கம்பிக் காயில் சுற்றுகிறவள், உனக்குத் தெரியாததா?

போனில் கேட்டிருக்கலாம். பேசும்போது அத்தை பக்கத்தில் இருப்பார்கள், அவர்களுக்குச் சங்கடம். அதனால்தான் கடிதம். நான் விசாரித்ததாக அவர்களிடம் சொல்.

பாசமுள்ள,
ரேணுகா

கோயமுத்தூர்
3.7.2005

அண்ணிக்கு உங்கள் நாத்தனார் சுலோசனா கும்பிட்டு எழுதுவது,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன், என் விரல்கள்தான் நன்றாக இல்லை. எனாமல் கம்பி சுற்றிச் சுற்றி, வெண்டைக்காய் நறுக்கினால்கூட எரிகிறது. நீங்கள் மெலிந்துவிட்டதாகத் திண்டிவனத்துச் சித்தி சொன்னார்கள். டீச்சர் மெலிந்தால் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கோயிலுக்குப் போகிறாள். நீங்கள் விசாரித்ததைச் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தொடர்ந்து ஆய்ந்தாள்.

பாடத்துக்கு வருகிறேன். தடிமனான கம்பியில் கரண்ட் தாராளமாகப் போகும். மெல்லிசுக் கம்பியில் திணறும். நீளம் கூடினால் இன்னும் திணறும். அந்தத் திணறல்தான் மின்தடை. எங்கள் பட்டறையில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு இவ்வளவுதான் சொல்வோம். பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வையுங்கள். வராந்தாவில் பெஞ்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு ஓடச் சொல்லுங்கள். முதலில் வெறும் வராந்தா, அப்புறம் ரெண்டு பெஞ்சு, அப்புறம் நிறைய பெஞ்சு. ஓடுகிற பிள்ளைகள்தான் கரண்ட், பெஞ்சுதான் தடை. ஜென்மத்துக்கும் மறக்காது.

மறுபடி எழுதுங்கள். எனக்கும் உங்களை விட்டால் கடிதம் போட ஆளில்லை.

அன்பு நாத்தனார்,
சுலோ

மரக்காணம்
31.7.2005

அன்புள்ள சுலோ,

விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவுகிறாயா? அத்தைக்கு ஆடி மாதக் காற்றில் மூச்சு இழுக்குமே, இந்த வருஷம் எப்படி?

உன் விளையாட்டை வைத்தேன். ஜென்மத்துக்கும் மறக்காது என்றாயே, சகாயமேரி டீச்சர் நிச்சயமாக மறக்கமாட்டார். பெஞ்சு நிறைய போட்டதும் பிள்ளைகள் மெதுவாக ஓடுவார்கள் என்று நீயும் நானும் நினைத்தோம். அதுகள் பெஞ்சு மேல் ஏறிக் குதித்து இன்னும் வேகமாக ஓடின. ஒருத்தனுக்கு முட்டி பெயர்ந்தது. ஒருத்திக்குப் பாவாடை கிழிந்தது. "தடை இருந்தா கரண்ட் எகிறிக் குதிக்கும் டீச்சர்" என்று பாடத்தை அவர்களே முடித்துவிட்டார்கள்.

அதுவரைக்கும் சிரிப்புதான். அப்புறம் அம்சவள்ளி எழுந்தாள். உன் அண்ணன் பார்த்த பம்பு மோட்டாரை இப்போது பார்க்கிற ராஜாங்கத்தின் மகள். நல்ல புத்திசாலி, வாயை மூட மாட்டாள். "டீச்சர், எங்கப்பா தெனம் மோட்டாரைப் புறங்கையால தட்டிப் பாப்பாரு. லீக் இருந்தா சுருக்குங்கும், அவ்ளோதானாம். அளத்துக்காரங்க காலு காய்ச்சிப்போயிருக்குது, அதுல கரண்ட் ஏறாதுன்னு சொல்றாரு. அப்புறம் ஏன் டீச்சர் ஒரு ஆளை மட்டும்..." என்றவள் சட்டென்று நிறுத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. மணி அடிக்க நேரம் இருந்தது. நானே போய் அடித்துவிட்டேன்.

சுலோ, இதே கேள்வியைப் பதினாறாம் நாள் காரியத்தில் அத்தை கேட்டார்கள். "எல்லாரும் தொட்ட மோட்டார்தானே, எம்புள்ளையை மட்டும் ஏன் புடிச்சுது?" பிறகு அவர்களே பதிலும் சொன்னார்கள். பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு ஏறி விளக்குப் போடுவதாக எங்கள் கல்யாணத்தில் வேண்டிக்கொண்டது. பரீட்சை, பேப்பர் திருத்தம் என்று நான் தள்ளித் தள்ளிப் போட்டது. அதனால்தான் என்றார்கள். மறுநாள் உன்னோடு கோயமுத்தூர் பஸ் ஏறிவிட்டார்கள். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அன்று நான் ஏன் பதில் சொல்லவில்லை தெரியுமா? எனக்கும் பதில் தெரியாது. தனியாக இருக்கும்போது, அத்தை சொன்னதுதான் உண்மையோ என்று எனக்கே தோன்றும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அம்சவள்ளிக்கு நான் என்ன சொல்லட்டும்?

ரேணுகா

கோயமுத்தூர்
15.8.2005

அண்ணி,

சுகமா என்று கேட்கவே கோபமாக வருகிறது, கேட்கிறேன். சுகமா? நானும் அம்மாவும் சுகம்.

இத்தனை நாள் இதை மனசில் வைத்துக்கொண்டா சாக்பீஸ் பிடித்தீர்கள்? எனக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? நான் அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், அது கரண்ட், வேண்டுதலும் இல்லை ஒன்றும் இல்லை என்று. "கரண்ட்டுக்குக் கண்ணா இருக்குது, ஆளைப் பாத்து அடிக்க?" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிடுகிறாள். இந்த வீட்டில் நான் வாங்கிப்போட்ட மிக்சியைத் தவிர என் பேச்சை யாரும் கேட்பதில்லை.

கண் இல்லைதான். ஆனால் அதற்கு ஈரம் தெரியும். அன்றைக்கு நடந்ததை ராஜாங்கம் மாமாவே என்னிடம் சொன்னார். காலையில் அவர் மோட்டாரைத் தட்டிப் பார்த்தபோது உலர்ந்த கை, காய்ந்த வரப்பில் நின்றிருந்தார். சுருக்கென்றது, சரி பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். அப்புறம் உப்புப் பாத்தியின் மடை உடைந்துவிட்டது. அண்ணன் தொடை வரைக்கும் பாத்தித் தண்ணியில் நின்று மண் அணைத்துவிட்டு, அதே ஈரக் கை காலோடு மோட்டாரை நிறுத்த ஓடியிருக்கிறது. உலர்ந்த தோலுக்குத் தடை அதிகம், கரண்ட் திணறித்தான் நுழையும். ஈரம் பட்டால் தடை குறையும். உப்புத் தண்ணி என்றால் கேட்கவே வேண்டாம், கதவைத் திறந்து வைத்த மாதிரி. மோட்டார் ஒன்றுதான், அண்ணி. தொட்ட கைதான் வேறு.

பிள்ளைகளுக்கு இதைக் காட்டிவிடுங்கள். டார்ச் பாட்டரிக் கட்டை மூன்று, டார்ச் பல்பு ஒன்று, ரெண்டு ஆணி, கொஞ்சம் ஒயர். ஆணி ரெண்டையும் முதலில் நல்ல தண்ணியில் விடுங்கள், அப்புறம் பாத்தித் தண்ணியில். பல்பு பதில் சொல்லும். வீட்டுக் கரண்ட் பக்கம் மட்டும் யாரையும் விடாதீர்கள்.

சுலோ

மரக்காணம்
23.9.2005

சுலோ,

நீயும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் நீ சொன்னபடி செய்தேன். ஆணியை நல்ல தண்ணியில் விட்டேன், பல்பு எரியவில்லை. பாத்தித் தண்ணியில் விட்டேன். அப்போதும் எரியவில்லை. கட்டையை மாற்றினேன், ஒயரைச் சுரண்டினேன், ஆணிகளை நெருக்கி வைத்தேன். மினுக்கென்றுகூட வரவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். உப்புத் தண்ணியில் கரண்ட் போகாது என்று டீச்சரே நிரூபித்துவிட்டாராம்.

அன்று சாயங்காலமே அது ஊர் முழுக்கப் போய்விட்டது. டீக்கடையில் ராஜாங்கம், "நான் சொன்னா யாரு கேக்கறீங்க, டீச்சரே சொல்லிட்டாங்க" என்று சிரித்தாராம். மறுநாள் வகுப்பில், நேற்று நான் காட்டியது தப்பு, உப்புத் தண்ணியில்தான் கரண்ட் நன்றாகப் போகும் என்றேன். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு என் பேச்சை நம்ப அவர்கள் என்ன முட்டாள்களா? நான்தானே அவர்களுக்கு எதையும் செய்து பார்த்து நம்பு என்று சொல்லிக்கொடுத்தேன்.

இந்தப் பிள்ளைகள் லீவு நாளில் அப்பா அம்மாவோடு அளத்துக்குப் போகிறார்கள். யாராவது ஒன்று ஈரக் கையோடு அந்த மோட்டாரைத் தொட்டால், அது என் பாடத்தால் தொட்டதாக ஆகும். எனக்குச் சோறு இறங்கவில்லை. உடனே பதில் போடு.

ரேணுகா

கோயமுத்தூர்
28.9.2005

அண்ணி,

நாங்கள் நலம். நீங்கள் முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் இதைப் படியுங்கள்.

தப்பு என்னுடையது. எங்கள் பட்டறையில் பெரிய பெரிய மீட்டரில் பார்த்துப் பழகிவிட்டு டார்ச் பல்பை மறந்துவிட்டேன். அது பெருந்தீனிக்காரப் பல்பு. அது எரிய நிறைய கரண்ட் வேண்டும். உப்புத் தண்ணி வழியாகப் போவது அதன் பல் இடுக்குக்குக் காணாது. ஆனால் வீட்டுக் கரண்ட்டாக இருந்தால், அந்தப் பல்பு எரியப் போதாத கரண்ட் ஒரு மனுஷன் நெஞ்சை நிறுத்தப் போதும். இதைப் பிள்ளைகளிடம் இப்படியே சொல்லுங்கள்.

இதோடு ஒரு சின்னப் பார்சல் வருகிறது. உள்ளே எல்.இ.டி. என்கிற சிவப்பு விளக்குகள், பட்டாணி அளவுதான் இருக்கும். துளி கரண்ட் இருந்தாலே எரிந்துவிடும். நீளக் கால் கட்டையின் பிளஸ் பக்கம் வர வேண்டும், மாற்றினால் எரியாது. மூன்று கட்டையோடு நேராகக் கோர்த்துவிடாதீர்கள், கருகிவிடும். நடுவில் ஈரத்துணியோ தண்ணியோ இருக்கட்டும். அந்தத் தடைதான் விளக்கைக் காப்பாற்றும்.

இந்தத் தடவை நான் என் கையை வைத்தே பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

சுலோ

கோயமுத்தூர்
11.12.2005

அண்ணிக்கு,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன். பார்சல் வந்ததா? ரெண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, ஒரு வரி இல்லை. மரக்காணம் பக்கம் மழை கொட்டுகிறது என்று டி.வி.யில் காட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டால் மணியே அடிக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று செய்தியில் வெள்ளத்தைக் காட்டியபோது அம்மா டி.வி. பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "அந்த வூட்டுல மேக்கால மூலையில ஒழுவும்" என்றாள். யார் வீடு என்று கேட்டேன். சமையலறைக்குப் போய்விட்டாள். உங்கள் வீட்டில்தானே மேற்கு மூலை ஒழுகும்?

எழுதுங்கள். நீங்கள் எழுதாமல் இருப்பது உங்கள் பெஞ்சு ஓட்டத்தைவிட மோசமாக இருக்கிறது.

சுலோ

மரக்காணம்
22.1.2006

அன்புள்ள சுலோ,

உனக்கும் அத்தைக்கும் பொங்கல் நன்றாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே. மேற்கு மூலை ஒழுகியது, அண்டா வைத்துச் சமாளித்தேன் என்று அத்தையிடம் சொல்.

மழையில் பள்ளிக்கூடத்தில் ஜனங்களைத் தங்க வைத்திருந்தார்கள். அவர்களுக்குச் சோறு பொங்குவதும் கணக்கெடுப்பதுமாக எனக்குப் பேனா பிடிக்கவே முடியவில்லை. உன் பார்சல் தபாலாபீசில் ஊறிக் கிடந்து மார்கழியில்தான் கைக்கு வந்தது. விளக்குகள் நன்றாக இருந்தன. பொங்கல் கழித்து அளத்தில் மோட்டார் போட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் பாடத்தை முடித்தாக வேண்டும் என்று அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த அன்றைக்கே எடுத்தேன்.

முதலில் நான் காட்டினேன். காய்ந்த துணிப்பட்டையை நடுவில் வைத்தால் விளக்கு எரியவில்லை. நல்ல தண்ணியில் நனைத்துப் பிழிந்து வைத்தால் மங்கலாக எரிந்தது. பாத்தித் தண்ணியில் நனைத்ததும் பளிச்சென்று சிவப்பு. அப்போதும் பிள்ளைகள் நம்பவில்லை. போன தடவை ஏமாந்தவர்கள் இல்லையா? எல்லாவற்றையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு நான் சுவரோரம் நின்றுகொண்டேன். நீளப் பட்டை, குட்டைப் பட்டை, அகலப் பட்டை என்று என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பட்டை நீண்டால் விளக்கு மங்குகிறது என்று அவர்களே கண்டுபிடித்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். பெஞ்சு, வராந்தா ஒன்றும் தேவைப்படவில்லை. நேராகக் கோர்த்து ஒரு விளக்கைக் கருக்கவும் செய்தார்கள்.

கடைசியில் அம்சவள்ளி ரெண்டு ஒயரையும் தன் உள்ளங்கையில் வைத்தாள். எரியவில்லை. கையைப் பாத்தித் தண்ணியில் முக்கி எடுத்து மறுபடி வைத்தாள். எரிந்தது. அவள் முகம் மாறிவிட்டது. கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. உன் அண்ணன் பெயரைச் சொல்லியே கேட்டாள்.

"டீச்சர், தெய்வசிகாமணி மாமாவுக்கும் இப்படித்தானா?"

"ஆமாம்மா. அவரு கை ஈரமா இருந்துது. வேற ஒண்ணும் இல்ல."

இந்த வார்த்தையை முதல் தடவையாக என் வாயால் சொன்னேன், சுலோ. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தெரிந்தது. பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டேன். அழுதால் என்ன, அவர்களும் அழுதார்கள்.

மறுநாள் ராஜாங்கமே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். மகள் வீட்டில் சாப்பிடவில்லையாம், மோட்டாரைத் தட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் சாப்பிடுவாளாம். வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து, பாறை மாதிரி காய்த்த காலைத் தூக்கி வைத்து, "இதுல வை, பாக்கலாம்" என்றார். அம்சவள்ளி வைத்தாள். எரியவில்லை. அவருக்குச் சிரிப்பு. அவள் சொம்பிலிருந்த பாத்தித் தண்ணியை அந்தக் கால் மேல் ஊற்றிவிட்டு மறுபடி வைத்தாள். விளக்கு எரிந்தது. அவர் காலை இறக்காமல் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒப்புக்கொள்கிற ஆளா அவர்? "கொழந்தை அழுவுதேன்னுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் இந்த வாரம் கிளியனூரிலிருந்து ஒயர்மேனைக் கூட்டிவந்து மோட்டாருக்கு எர்த் போட்டிருக்கிறார். கொட்டகையில் சுவிட்சுக்குக் கீழே ஒரு பலகை, ரப்பர் செருப்பு, ஆணியில் ஒரு துண்டு. உலர்ந்த கையானாலும் மோட்டாரைத் தட்டக் கூடாது, டெஸ்டர்தான் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஊருக்கே பாடம் எடுக்கிறார்கள். பக்கத்து அளத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இதை அத்தையிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உன்னிடமே விடுகிறேன். அவர்களுக்கு வலிக்கும் என்றால் சொல்லாதே. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ரேணுகா

கோயமுத்தூர்
5.2.2006

அண்ணி,

எல்லாரும் நலம். நீங்கள் நலம் என்று எழுதியதை இந்தத் தடவை நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். அம்சவள்ளி கேட்ட இடம் வந்ததும், "அவ என்னா சொன்னா, திரும்பப் படி" என்றாள். படித்தேன். அப்புறம் அந்த விளக்கு உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள். டார்ச் கட்டையில் கோர்த்துக் கொடுத்தேன். ஒயர் ரெண்டையும் தன் கையில் வைத்துப் பார்த்தாள். புளிக் கரைசல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உப்பு ஜாடி இருந்தது. அவளே தண்ணியில் உப்பைக் கரைத்துக் கையை முக்கி எடுத்து மறுபடி வைத்தாள். விளக்கு எரிந்ததும் ஒயரைக் கீழே போட்டுவிட்டாள். அண்ணன் பெயரைச் சொல்லி அழுதாள். இத்தனை நாளில் இப்படி அழுது நான் பார்க்கவில்லை. இதுவரை அழுததெல்லாம் யார்மேலோ உள்ள கோபம். இது பிள்ளைக்காக அழுதது.

பெருமுக்கல் பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இன்று காலையில் என்னை உட்காரவைத்து எழுதச் சொன்னாள். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

"ரேணு, வர்ற வெள்ளிக்கெழமை நானும் சுலோவும் பொறப்பட்டு வர்றோம். திண்டிவனத்துல எறங்கி நாங்களே பஸ் புடிச்சிக்கறோம், நீ ஸ்கூலை உட்டுட்டு அலைய வேணாம். அவளுக்கு லீவு முடிஞ்சா அவ போவட்டும், நான் அங்கதான் இருக்கப்போறேன். அப்புறம் ஒண்ணு. ஊருக்கெல்லாம் சொல்ற, நீ பாத்திரம் கழுவின கையோட போயி சுவிட்சைப் போடுவே, எனக்குத் தெரியும். கையைத் தொடைச்சிக்கிட்டுப் போடு. இன்னொரு புள்ளையைப் பறிகுடுக்க என்னால முடியாது."

இவ்வளவுதான் சொன்னாள், அண்ணி. மற்றதை நேரில் பேசிக்கொள்ளுங்கள்.

சுலோ